ஒரு சொட்டுத் தண்ணீர் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

விஸ்கியை ருசித்து அறிவது குறித்துத் தங்கள் வார இணைப்பில் வந்த கட்டுரை, அவசரமாக விழுங்குவது வேறு, நிதானமாக ருசிப்பது வேறு என்று சரியாகவே எடுத்துச் சொன்னது. ஆனால் அதில் தரப்பட்ட செய்முறைப்படி நடந்தால் யாருக்கும் பெரிதாக எதுவும் பிடிபடாது. சுவையை நாக்கில் தேடச் சொல்கிறது. தண்ணீரை ஒரு சொட்டோடு நிறுத்தச் சொல்கிறது. இரண்டும் பிழை.

நாக்கின் நுனியில் இனிப்பு, ஓரத்தில் புளிப்பு, அடிநாக்கில் கசப்பு என்று பங்கு பிரித்த அந்தப் படத்தை இனியாவது கைவிடலாம். 1901இல் ஜெர்மன் ஆய்வாளர் ஹேனிக் பதிவு செய்தது, நாக்கின் விளிம்பில் உணர்திறன் இடத்துக்கு இடம் கொஞ்சம் மாறுகிறது என்பதை மட்டுமே. பின்னால் வந்த பாடப்புத்தகங்கள் அந்தச் சிறு வேறுபாட்டை எல்லைக் கோடுகளாக்கிவிட்டன. அது போகட்டும். விஸ்கியைப் பொறுத்தவரை நாக்குக்கு வேலையே குறைவு. மூக்கை இரு விரலால் இறுகப் பிடித்துக்கொண்டு ஒரு மிடறு வாயில் வைத்துப் பாருங்கள்: லேசான இனிப்பு, கசப்பு, சற்றே துவர்ப்பு, எரிச்சல். அவ்வளவுதான். விரலை எடுத்து மூச்சை மூக்கு வழியாக விட்டதும் வெனிலாவும் புகையும் பழமும் சேர்ந்து வரும். வாயிலிருந்து தொண்டையின் பின்புறமாக மேலேறி மூக்கின் உச்சியைத் தொடும் ஆவி செய்யும் வேலை அது.

அந்த எரிச்சலைச் சுவையோடு சேர்க்கக் கூடாது. மிளகாய்க் காரத்தையும் சுடுநீரின் சூட்டையும் உணர்த்தும் டிஆர்பிவி1 என்ற ஏற்பியை ஆல்கஹாலும் தூண்டுகிறது. வழக்கமாக 42 டிகிரி செல்சியஸ் வாக்கில் வேலை செய்யத் தொடங்கும் அந்த ஏற்பி, ஆல்கஹால் பட்டால் 34 டிகிரியிலேயே தொடங்கிவிடுகிறது. வாயின் சூடே அதற்கு மேல் இருப்பதால் எரியாமல் என்ன செய்யும்? ஆகவே முதல் மிடறு வாயைப் பழக்க மட்டுமே; அதை வைத்து எந்த முடிவுக்கும் வர வேண்டாம். இரண்டாவதாக 3 முதல் 5 மில்லி எடுத்து, ஒரு 10 விநாடி வாய் முழுக்கப் பரவவிட்டு, விழுங்கியோ துப்பியோ, உதட்டை மூடி மூக்கால் மூச்சை விட வேண்டும். துப்பினாலும் மணம் கிடைக்கும். பல மாதிரிகளைப் பார்ப்பவர்களுக்கு அதுதான் சரியான வழி.

வாய்க்குப் போகும் முன் மூக்கு. வயிறு அகன்று வாய் குறுகிய சிறு கிளாஸ் வேண்டும். ஒயின் ருசிக்கவென்று 1977இல் வகுக்கப்பட்ட ஐஎஸ்ஓ 3591 தரக் கிளாஸ் இதற்கும் நன்றாகவே பொருந்தும். நேர்ச்சுவர் கொண்ட அகன்ற டம்ளரில் மணம் தங்காது. 20 மில்லி ஊற்றினால் போதும். ஒயினைப் போல் சுழற்றியடிக்க வேண்டாம்: முதலில் எழும்புவது ஆல்கஹால் நெடிதான், அது மூக்கை மரத்துப்போகச் செய்துவிடும். கிளாஸை முகவாய்க்கு நேரே பிடித்துத் தொடங்கி, நெடி உறைக்காத இடம் வரை மெல்ல மேலே கொண்டுவர வேண்டும். வாயைச் சற்றுத் திறந்து வைத்தால் நெடி குறையும். ஆழமாக ஒரே இழுப்பாக இழுக்காமல் இரண்டு மூன்று குறு மூச்சுகள், பிறகு அரை நிமிட ஓய்வு. விடாமல் முகர்ந்துகொண்டே இருந்தால் மூக்கு அந்த மணத்துக்குப் பழகி, இருப்பதையே இல்லை என்று சொல்லும். நடுவில் காபிக்கொட்டை முகர்வதெல்லாம் அலங்காரம். சாதாரணக் காற்றே போதும்.

இனி தண்ணீர். ஒரு சொட்டு என்பது ஏறக்குறைய 0.05 மில்லி. 46 சதவீத ஆல்கஹால் கொண்ட விஸ்கி 20 மில்லியில் அதை விட்டால் 45.9 ஆகும். இதில் மணம் 'மலர்ந்தது' என்று எழுதுவது கற்பனை. கணக்கு எளிது: இருக்கும் அளவை இருக்கும் சதவீதத்தால் பெருக்கி, வேண்டிய சதவீதத்தால் வகுத்தால் மொத்த அளவு வரும். 60 சதவீதத்தில் பீப்பாயிலிருந்து அப்படியே அடைத்த விஸ்கி 20 மில்லியை 40க்குக் கொண்டுவர 10 மில்லி தண்ணீர். 46ஐ 35 ஆக்க 6 மில்லிக்குச் சற்று மேல். 40ஐ 20 ஆக்க விஸ்கியின் அளவுக்குச் சமமான தண்ணீர். கலவை வல்லுநர்கள் மாதிரிகளை முகர்ந்து பார்ப்பது பெரும்பாலும் இந்த 20 சதவீத அளவில்தான். ஊசியில்லாத சிரிஞ்ச் ஒன்று இருந்தால் அளப்பதில் தகராறு இல்லை. குழாய் நீரில் குளோரின் வாடை இருந்தால் அதுதான் முதலில் தெரியும், எனவே வாடையற்ற, அறை வெப்பநிலையில் உள்ள நீர் வேண்டும்.

தண்ணீர் மணத்தை எழுப்புவதற்குக் காரணமும் உண்டு. ஸ்வீடனின் லின்னேயஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்ல்ஸனும் ஃப்ரீட்மேனும் 2017இல் கணினி வழியே குவாயகால் என்ற புகைமண மூலக்கூறை ஆராய்ந்தார்கள். ஆல்கஹால் 45 சதவீதம் வரை உள்ள கலவையில் அது மேற்பரப்பை ஒட்டியே நிற்கிறது. 59 சதவீதத்துக்கு மேல் போனால் ஆல்கஹால் மூலக்கூறுகள் சூழ்ந்துகொண்டு அதை உள்ளே இழுத்துக்கொள்கின்றன. எல்லா மணத்துக்கும் இதே விதி என்று இதிலிருந்து முடிவு கட்ட முடியாது. முதலில் நீரின்றி முகர்ந்து, பிறகு படிப்படியாகச் சேர்த்து, ஒவ்வொரு படியிலும் எழுதிக்கொள்வதே முறை. ஊற்றிய நீரை எடுக்க முடியாதல்லவா! தண்ணீர் சேர்த்ததும் விஸ்கி கலங்கினால் பயப்பட வேண்டாம். குளிரவைத்து வடிகட்டாத விஸ்கியில் உள்ள நீண்ட சங்கிலி எஸ்டர்கள் என்ற வேதிப்பொருள்கள் பிரிவதால் வரும் மங்கல் அது. பனிக்கட்டி வேறு கதை. குளிரில் ஆவி குறைவாக எழும், மணமும் குறையும். சூடான நாளில் குடிக்க இதமாக இருக்கலாம், மதிப்பிட உதவாது.

கட்டுரை நிறத்துக்கும் கிளாஸின் உட்சுவரில் கோடுகளாக வழியும் 'கண்ணீருக்கும்' நிறைய இடம் தந்திருந்தது. ஸ்காட்ச் விஸ்கியில் கேரமல் நிறமூட்டி சேர்க்கச் சட்டமே அனுமதிக்கிறது. நிறத்தை வைத்து வயதைச் சொல்ல முடியாது. கண்ணீர், ஆல்கஹால் முந்தி ஆவியாவதால் ஏற்படும் பரப்பு இழுவிசை வேறுபாடு. இயற்பியலாளர் ஜேம்ஸ் தாம்சன் 1855இலேயே விளக்கிவிட்டார். தரத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பார்லியை உலர்த்த எரிக்கும் பீட் என்ற மட்கிய தாவர மண்ணின் புகை பற்றிய பிபிஎம் (பத்து லட்சத்தில் எத்தனை பங்கு) எண்ணும் அப்படியே: அது வழக்கமாக முளைகட்டி உலர்த்திய பார்லியில் அளந்தது. ஊறவைத்து, புளிக்கவைத்து, வடித்த பிறகு அதில் ஒரு பகுதிதான் மிஞ்சும். எவ்வளவு என்பது, வடியும் திரவத்தைச் சேகரிப்பதை எந்தக் கட்டத்தில் நிறுத்துகிறார்கள் என்பதைப் பெரிதும் பொறுத்தது.

மணங்களுக்குப் பெயர் வைக்கத் திணறுபவர்கள் எங்கிருந்து வந்தது என்று கேட்டுக்கொண்டால் பாதி வேலை முடியும். தேங்காய், வெனிலா, கிராம்பு என்றால் பெரும்பாலும் ஓக் மரம். வாழைப்பழம், பேரிக்காய் என்றால் ஈஸ்ட் புளிக்கவைத்தபோது உண்டானது. மருந்துக்கடை, தார், கரி என்றால் பீட். ஈர அட்டைப்பெட்டி நாற்றம் வந்தால் கெட்ட கார்க்கையோ, அலமாரியில் கவிழ்த்து வைத்த கிளாஸையோ சந்தேகிக்க வேண்டும். ஊற்றுமுன் காலிக் கிளாஸை முகர்வது ஒரு விநாடி வேலை, யாரும் செய்வதில்லை. பல் துலக்கிய சூட்டோடு ருசிப்பதும் வீண். பற்பசையின் நுரைப்பொருள் இனிப்பை மழுங்கடித்துக் கசப்பைத் தூக்கிக் காட்டும். பல விஸ்கிகளை வரிசையாக ருசிக்கும்போது புகை மிகுந்ததைக் கடைசியில் வையுங்கள்.

விலை உயர்ந்த புட்டிக்கும் சாதாரணப் புட்டிக்கும் வித்தியாசம் தெரிகிறது என்பவர்கள் பெயர்ச்சீட்டை மறைத்துவிட்டு மூன்று கிளாஸ் சோதனையைச் செய்து பார்க்கலாம். இரண்டில் ஒரே விஸ்கி, ஒன்றில் வேறு, எல்லாம் ஒரே சதவீதத்துக்கு நீர்த்தவை, வரிசையை மற்றொருவர் மாற்றி வைக்க வேண்டும். வேறானதைக் கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலும் மூன்றில் ஒரு முறை சரியாக வரும். வெறும் ஊகத்தால் 6 சுற்றில் 5 அல்லது அதற்கு மேல் சரியாக வரும் வாய்ப்பு 2 சதவீதத்துக்கும் குறைவு. 4 மட்டும் சரி என்றால் உறுதியாகச் சொல்ல முடியாது: ஊகத்தால் 4 அல்லது அதற்கு மேல் வரும் வாய்ப்பு 10 சதவீதம். மூக்குக்கு ஓய்வு கொடுத்து இன்னொரு நாள் மறுபடி பார்க்க வேண்டியதுதான்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்