துறைமுகப் படிகளில் ஓத நேரப் பலகை

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

சிறிய ஊர்களின் துறைமுகத்தைக் காணச் செல்வோர், படகுகள் அசைந்தாடும் அழகில் மயங்கி, நீருக்குள் இறங்கும் கற்படிகளில் கால் வைத்துவிடுகிறார்கள். ஓதம் வடிந்ததும் வெளிப்படும் கீழ்ப்படிகளில் பச்சைப் பாசி வழவழவென்று படர்ந்திருக்கிறது; ஒருமுறை நானே சறுக்கி, படகுக் கயிறு கட்டும் இரும்பு வளையத்தைப் பற்றித் தப்பினேன். பெரும்பாலான கடற்கரைகளில் ஏறத்தாழ 12 மணி 25 நிமிடத்துக்கு ஒருமுறை ஓதம் உயர்வதும், அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி அதன் ஏற்ற இறக்கம் மிகுவதும் வெளியூரார் பலருக்குத் தெரிவதில்லை. கம்பி வேலியிட்டுக் கடலை மறைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. படித்துறையின் மேற்படியருகே அன்றைய ஓத நேரங்களை எழுதிய பலகையும், சுவரையொட்டி ஏணியும் உயிர்காப்பு மிதவையும் வைக்குமாறு துறைமுக நிர்வாகங்களைத் தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்