அந்தப் பொட்டலம்

பாப்பாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். அம்மா முட்டிக்கு ஊசி போட்டுக்கொண்டாள், இப்போது மாடிப்படி ஏறுகிறாள். பின்பக்க வேலியை ஒருவழியாக மாற்றியாயிற்று. அன்றைக்கு ஃபோனில் பேசியதைப் பற்றி இதில் எழுதப்போவதில்லை, பயப்படாமல் படி. ஒன்றே ஒன்று மட்டும். வேலையை விட்ட பிறகும் பழைய கம்பெனி இன்சூரன்ஸையே நம் காசில் தொடர விடுகிற கோப்ராவில் சேருவதா வேண்டாமா என்று முடிவு செய்ய 60 நாள் தருவார்கள். தனியாக இன்சூரன்ஸ் வாங்குகிற அரசாங்க மார்க்கெட்பிளேஸில் பாலிசி எடுப்பதாக இருந்தாலும் அதே 60 நாள்தான். உனக்கு 26 வயது தாண்டாமல் இருந்திருந்தால் பேசாமல் என் பாலிசியிலேயே சேர்த்திருப்பேன்.

சொல்ல வந்தது வேறு. சனிக்கிழமை நீ வேலை பார்த்த டாக்கோ கடைக்குப் போனேன். பார்க்கிங் வரைக்கும் இல்லை, உள்ளே போனேன்.

போவதற்கு முன் இரண்டு நாள் யூடியூபைப் பார்த்து ஒரு வாக்கியம் மனப்பாடம் செய்திருந்தேன். "மி ஈஹா திரபஹோ அக்கீ." என் மகள் இங்கே வேலை பார்த்தாள். கல்லாவில் இருந்த பையனிடம் அப்படியே ஒப்பித்தேன். அவன் சிரித்துவிட்டு இங்கிலீஷில், "அப்படியா, எந்த வருஷம் சார்?" என்றான். 2015-ஆ 2016-ஆ என்று எனக்குத் தெரியவில்லை. கடை கைமாறிவிட்டதாம். உன்னைத் தெரிந்தவர்கள் யாரும் அங்கே இல்லை. ஏனோ அது எனக்குப் பெரிய ஏமாற்றமாக இருந்தது. யாராவது உன்னைப் பற்றி விசாரிப்பார்கள், நானும் ஏதாவது சொல்வேன் என்று நினைத்துப் போயிருக்கிறேன் போல. என்ன சொல்லியிருப்பேன் என்றும் தெரியவில்லை.

அல் பஸ்தோர் இரண்டு வாங்கினேன். பன்றிதான். உங்கம்மாவிடம் கோழி என்று சொல்லியிருக்கிறேன், நீயும் அப்படியே சொல். செங்குத்தான கம்பியில் இறைச்சியை அடுக்கடுக்காகக் குத்தி, அது சுற்றச் சுற்ற ஓரம் தீய்ந்ததும் ஒருவர் நீளக் கத்தியால் சீவினார். அதற்கு த்ரோம்போ என்று பெயராம். பம்பரம் என்று அர்த்தம். மேலே குத்தியிருந்த அன்னாசியிலிருந்தும் ஒரு சீவல் எடுத்து வைத்தார். லெபனானிலிருந்து மெக்சிகோவுக்குக் குடிபோனவர்கள் கொண்டுவந்த ஷவர்மாதான் இப்படி ஆனதாம். ஆட்டுக்குப் பதில் பன்றி, அதோடு காய்ந்த மிளகாயும் அச்சியோத்தே விதையும் சேர்ந்த சிவப்பு விழுது. வந்த ஊருக்குத் தகுந்தபடி மாறிக்கொண்டதால்தான் நிலைத்தது. நான் பொதுவாகத்தான் சொல்கிறேன்.

எனக்குச் சாப்பிடவே தெரியவில்லை. நிமிர்த்திப் பிடித்ததில் பாதி சட்டையில் கொட்டியது. பக்கத்து மேஜையில் சட்டை முழுக்கப் பெயின்டோடு ஒரு ஆள். ஒன்றும் பேசாமல் தன் தலையைத் தோள்பக்கம் சாய்த்துக் காட்டினார். டாக்கோவைச் சாய்க்கக் கூடாது, தலையைத்தான் சாய்க்க வேண்டும் போலிருக்கிறது. இரண்டாவதை அப்படித்தான் சாப்பிட்டேன். தீய்ந்த ஓரத்தின் கசப்பு, அன்னாசியின் இனிப்பு, பச்சை வெங்காயம், கொத்தமல்லி, எலுமிச்சை எல்லாம் ஒரே வாயில். பச்சை சல்ஸாவில் மூக்கு ஒழுகிக் கண்ணும் கலங்கியது. ருசி பாப்பா. நல்ல ருசி.

டாக்கோவை மடித்துத் தருகிற அந்தச் சோள ரொட்டி, டோர்ட்டியா, அதன் வாசனை மட்டும் எனக்குப் புதிதில்லை. சனிக்கிழமை ராத்திரி நீ காரில் ஏறும்போது உன் தலைமுடியில் இருந்த வாசனை. நான் கண்ணாடியை இறக்கிவிடுவேனே, அது. சோளத்தைச் சுண்ணாம்புத் தண்ணீரில் வேகவைத்து ஊறப்போட்டால் தோல் கழன்று, மாவு சேர்ந்து வரும், அதில் அடைபட்டிருக்கும் வைட்டமினும் உடம்பில் ஒட்டும் என்று நீ ஒருநாள் சொல்ல ஆரம்பித்தாய். நான் செய்திக்காக ரேடியோவைத் திருப்பினேன். போன வாரம் நானே தேடிப் படித்தேன். அப்படி ஊறிய சோளத்துக்கு நிக்ஸ்தமால் என்று பெயர். சோளத்தை ஐரோப்பாவுக்குக் கொண்டுபோனவர்கள் இந்த வித்தையை விட்டுவிட்டுப் போனதால், அதையே தின்று வாழ்ந்த ஏழைகளுக்கு அந்த வைட்டமின் குறைந்து பெல்லாக்ரா என்ற நோய் வந்தது. பத்தொன்பது வயதில் இதெல்லாம் உனக்குத் தெரிந்திருக்கிறது. கெட்டிக்காரி. அந்தக் கெட்டிக்காரத்தனத்தை வைத்துக்கொண்டு எவ்வளவோ செய்திருக்கலாம், சரி, அதை விடு. 2024-இல் மெக்சிகோ சிட்டியில் நின்றுகொண்டே சாப்பிடுகிற ஒரு சின்ன டாக்கோ கடைக்கு பெரிய பெரிய ஹோட்டல்கள் ஏங்குகிற மிஷ்லின் நட்சத்திரம் கொடுத்தார்களாம். அதையும் படித்தேன். அதனால் நீ எடுத்த முடிவு சரி என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதே. தப்பு என்றும் சொல்லவில்லை. இன்சூரன்ஸ் இல்லாமல் ஒரு நாள்கூட இருக்காதே என்றுதான் சொல்கிறேன். அடுப்படி வேலை, கத்தி, கொதிக்கிற எண்ணெய்.

முதல் சம்பளம் வாங்கிய அன்று ஃபாயிலில் சுற்றிய பொட்டலம் ஒன்றைக் கொண்டுவந்து டாஷ்போர்டில் வைத்தாயே, ஞாபகம் இருக்கிறதா? "அப்பா, ஆறிப்போறதுக்குள்ள சாப்பிடுங்க" என்றாய். வீட்டில் போய்ச் சாப்பிடுகிறேன் என்றேன். உன்னை இறக்கிவிட்டுப் பெட்ரோல் போடப் போன இடத்தில் அதைக் குப்பைத் தொட்டியில் போட்டேன். என் மகள் கையேந்தி பவனில் எச்சில் தட்டு எடுக்கிறாள் என்று அப்போது என் மனசில் ஓடிக்கொண்டே இருந்தது. இதை உங்கம்மாவிடம்கூட நான் சொன்னதில்லை. மறுநாள் காலையில் எப்படி இருந்தது என்று கேட்டாய். "ரெண்டுமே நல்லா இருந்துச்சு" என்றேன். நீ என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாய். சரிப்பா என்றாய். அதற்குப் பிறகு நீ எதுவும் கொண்டுவரவில்லை.

அதில் இரண்டுதான் இருந்ததா, மூன்றா, ஒன்றேயொன்றா என்றுகூட நான் பிரித்துப் பார்க்கவில்லை. உனக்கு அன்றைக்கே தெரிந்திருக்கும். அதைத் தெரிந்துகொண்டே இத்தனை வருஷம் என்னோடு பேசிக்கொண்டும் இருந்தாய். இப்போது பேசாமல் இருப்பதற்கு உன்னைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

நேரத்துக்குச் சாப்பிடு. ராத்திரி வெகுநேரம் விழிக்காதே, உனக்கு உடனே தலைவலி வரும்.

அந்தப் பொட்டலத்தில் என்ன இருந்தது? சனிக்கிழமை மெனுவைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றேன், யூகிக்க முடியவில்லை. ஒரு வரி எழுதினால் போதும்.

அப்பா

பி.கு.: அந்த 60 நாளில் இன்றோடு 41 நாள் ஆகிறது.