பன்றிச் சிறுநீரகமும் என் அண்ணனும்

ஆசிரியருக்கு வணக்கம்.

என் அண்ணனுக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். டயாலிசிஸுக்காக இரண்டு ரத்தக்குழாய்களை இணைத்து ஃபிஸ்டுலா போட்ட கையைத் தொட்டால் கிர்ரென்று அதிரும். மாற்றுச் சிறுநீரகத்துக்குப் பதிந்துவிட்டு வருடக்கணக்காகக் காத்திருக்கிறோம்.

2024 மார்ச்சில் அமெரிக்காவின் பாஸ்டனில், மரபணுக்களில் 69 மாற்றங்கள் செய்த பன்றியின் சிறுநீரகத்தை ஒருவருக்குப் பொருத்தினார்கள். குளோனிங் முறையில், அதாவது ஒரு செல்லிலிருந்து நகலெடுத்து, உருவாக்கிய பன்றி அது. இரண்டு மாதத்துக்குள் அவர் இறந்துவிட்டார். அந்தச் சிறுநீரகம்தான் காரணம் என்பதற்கு அறிகுறி இல்லை என்றது மருத்துவமனை.

குளோனிங்கில் பெரும்பாலான கருக்கள் பிழைப்பதில்லை. பிழைக்கும் பன்றியும் கிருமி புகாத கொட்டிலில், மண்ணை மிதிக்காமலே வளரும். அது என்னை உறுத்துகிறது. ஆனாலும் இந்த ஆராய்ச்சி நிற்கக் கூடாது. சரி, இந்தச் சிகிச்சை நாளை இங்கே வந்தால்? ஒப்புதல் படிவம் தமிழில் இருக்கட்டும், அரசு மருத்துவமனையிலும் கிடைக்கட்டும்.

ஒரு வாசகி,
பெரம்பூர், சென்னை