பின்னணிப் படமும் அட்டவணையும்: பழைய பாடத்தைத் திருத்துங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

இணையப் பக்கம் அமைக்கப் புதிதாகக் கற்பவர்களுக்குத் தொடக்கத்திலேயே சொல்லித் தரப்படுபவை இரண்டு: பக்கத்துக்குப் பின்னால் படம் வைப்பது, அட்டவணை போடுவது. இரண்டும் தேவையானவைதான். ஆனால் பல பாடக் குறிப்புகள் அவற்றை, இணையப் பக்கத்தை எழுதும் மொழியான எச்.டி.எம்.எல்.லின் பழைய 3.2 பதிப்புக் காலத்து முறையிலேயே இன்றும் கற்பிக்கின்றன. 'பாடி' டேகுக்குள் (டேக் என்பது அந்த மொழியின் குறிச்சொல்) 'பேக்கிரவுண்ட்' என்று எழுதிப் படத்தின் பெயரைக் கொடுப்பது, பக்கம் முழுவதையும் ஒரே பெரிய டேபிளின் கட்டங்களுக்குள் அடைப்பது என்பவை அந்த முறை. 1997 டிசம்பரில் வந்த எச்.டி.எம்.எல். 4.0, முதலாவதைக் கைவிட வேண்டிய வழக்கம் என்று குறித்தது. பக்க அமைப்புக்காக மட்டும் டேபிளைப் பயன்படுத்தக் கூடாது என்றும் சொன்னது. பழைய பக்கங்கள் கெட்டுவிடக் கூடாது என்பதற்காகப் பிரவுசர்கள் இரண்டையும் இன்னும் ஏற்றுக்கொள்கின்றன. அதனால் மாணவர்கள் கண்ணுக்குத் தவறு தெரிவதே இல்லை.

பின்னணிப் படத்துக்கு உரிய இடம், பக்கத்தின் தோற்றத்தை வரையறுக்கும் மொழியான சி.எஸ்.எஸ். அங்கே 'பேக்கிரவுண்ட்-இமேஜ்' என்று மட்டும் எழுதினால், சிறிய படம் ஓடு பதித்ததுபோல் பக்கம் முழுக்கத் திரும்பத் திரும்ப வரும். அது வேண்டாம் என்றால் 'பேக்கிரவுண்ட்-ரிபீட்' என்பதற்கு 'நோ-ரிபீட்' கொடுக்க வேண்டும். 'பேக்கிரவுண்ட்-சைஸ்' என்பதற்கு 'கவர்' கொடுத்தால் படம் இடம் முழுவதையும் நிரப்பும், ஓரங்கள் வெட்டுப்படும். 'கன்டெய்ன்' கொடுத்தால் முழுப் படமும் தெரியும், சுற்றிலும் வெற்றிடம் விழலாம். இவற்றுடன் ஒரு பின்னணி நிறத்தையும் கட்டாயம் எழுத வேண்டும். கறுத்த படத்தின் மேல் வெள்ளை எழுத்து வைத்துவிட்டு நிறத்தை விட்டுவிட்டால், படம் வந்து சேராத நேரத்தில் வெள்ளைத் திரையில் வெள்ளை எழுத்துதான் மிஞ்சும்.

"படம் வரவில்லை" என்ற புகாருக்குப் பெரும்பாலும் காரணம் முகவரிதான். சி.எஸ்.எஸ். தனிக் கோப்பாக இருந்தால், படத்தின் பாதை அந்தக் கோப்பு இருக்கும் ஃபோல்டரிலிருந்து கணக்கிடப்படும், எச்.டி.எம்.எல். பக்கம் இருக்கும் இடத்திலிருந்து அல்ல. அடுத்தது, பெயரில் உள்ள பெரிய எழுத்து, சிறிய எழுத்து. விண்டோஸ் அந்த வேறுபாட்டைப் பொருட்படுத்தாது. லினக்ஸ் சர்வர் பொருட்படுத்தும். சொந்தக் கணினியில் அழகாகத் தெரிந்த படம் சர்வரில் ஏற்றியதும் காணாமல் போவது இதனால்தான். கோப்புப் பெயர்களை எல்லாம் சிறிய எழுத்தில், இடைவெளி விடாமல் வைக்கும் பழக்கத்தை முதல் நாளே ஏற்படுத்திவிட வேண்டும். பாதை சரியாக இருந்தும் படம் தெரியவில்லை என்றால், பின்னணிப் படம் வைத்த பெட்டிக்குள் எதுவுமே இல்லையா என்று பார்க்க வேண்டும். பின்னணிப் படம் பெட்டிக்கு உயரம் தராது. உள்ளே எதுவும் இல்லாத 'டிவ்' (பக்கத்தின் ஒரு பகுதியை அடைக்கும் பெட்டி) என்றால் அதன் உயரம் பூஜ்யம். 'மின்-ஹைட்' (குறைந்தபட்ச உயரம்) கொடுத்தால்தான் படம் தெரியும்.

எழுத்து படிக்க வருகிறதா என்பதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். தமிழுக்கு இதில் கூடுதல் கவனம் வேண்டும். புள்ளிகளோ மணல் போன்ற பொடிப் பொட்டுகளோ உள்ள படத்தின் மேல் தமிழை வைத்தால் மெய்யெழுத்தின் புள்ளி அதில் கரைந்துவிடும். 'பல்' என்பதைப் 'பல' என்று படிக்க நேரும். சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே குறைந்தது 4.5 : 1, பெரிய தலைப்புகளுக்கு 3 : 1 ஒளிவேறுபாடு இருக்க வேண்டும் என்பது மாற்றுத்திறனாளிகள் உட்பட எல்லோரும் இணையத்தைப் பயன்படுத்த வழிசெய்யும் டபிள்யூ.சி.ஏ.ஜி. நெறிமுறை. புகைப்படத்தில் ஒளி இடத்துக்கு இடம் மாறும். ஆகவே வெள்ளை எழுத்து என்றால் படத்தின் மிக வெளிச்சமான இடத்தை வைத்தே கணக்குப் போட வேண்டும். பளிச்சென்ற வெள்ளையின் மேல் 50 சதவீதக் கறுப்பைப் பூசினால் கிடைப்பது ஏறத்தாழ 4 : 1, அது போதாது. 60 சதவீதம் பூசினால் 5.7 : 1 கிடைக்கும். இந்தப் பூச்சை 'லீனியர்-கிரேடியன்ட்' (ஒரு நிறத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறும் பூச்சு) கொண்டு, இரண்டு முனையிலும் ஒரே நிறம் கொடுத்து, படத்துக்கு முன்னால் எழுத வேண்டும். முதலில் எழுதுவதுதான் மேலே நிற்கும். வரிசை மாறினால் பூச்சு படத்துக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும்.

கைபேசியில் எடுத்த 4000 பிக்சல் அகலப் படத்தை அப்படியே ஏற்றுவதும் பரவலாக நடக்கிறது. 1600 முதல் 1920 பிக்சல் அகலம் போதும். ஜேபெக் தரத்தை 70 முதல் 80க்குள் வைத்தால் பல மெகாபைட் படம் சில நூறு கிலோபைட்டில் அடங்கிவிடும். இன்னொன்று: பின்னணிப் படத்துக்கு மாற்று உரை எழுத வழியில்லை, அச்சிட்டால் வழக்கமாக அது வருவதும் இல்லை. எனவே செய்தி சொல்லும் படம் எதுவும் பின்னணிக்குப் போகக் கூடாது, 'ஐஎம்ஜி' டேகில்தான் இருக்க வேண்டும்.

அட்டவணைக்கு வருவோம். கால அட்டவணை, மதிப்பெண் பட்டியல் என வரிசையும் (குறுக்கு) நிரலும் (நெடுக்கு) சேர்ந்து பொருள் தரும் தகவலுக்கு அதைவிடப் பொருத்தமானது கிடையாது. ஆனால் எல்லாக் கட்டத்தையும், சாதாரணத் தகவல் கட்டத்துக்கான 'டிடி' என்றே எழுதிவிட்டுத் தலைப்பை மட்டும் தடித்த எழுத்தாக்கினால், பார்வையற்றோர் பயன்படுத்தும் திரைவாசிப்பான் எந்த எண் எந்தத் தலைப்புக்கு உரியது என்று சொல்லாது. தலைப்புக் கட்டம் 'டிஎச்' ஆக இருக்க வேண்டும். அது நிரலுக்கா வரிசைக்கா என்பதை 'ஸ்கோப்' சொல்ல வேண்டும். அட்டவணையின் பெயர் 'கேப்ஷன்' டேகில் வர வேண்டும். கட்டங்களுக்குக் கோடு போட்டதும் இரட்டைக் கோடாகத் தெரிகிறதே என்று பலர் திகைக்கிறார்கள். 'பார்டர்-கொலாப்ஸ்: கொலாப்ஸ்' என்ற ஒரு வரி அதைச் சரிசெய்யும்.

கட்டங்களை இணைக்கும்போது எண்ணிக்கை பிசகுவது வழக்கம். நான்கு நிரல் அட்டவணையில் ஒரு கட்டத்தை இரண்டு நிரலுக்கு நீட்டும் 'கோல்ஸ்பேன்' 2 கொடுத்தால் அந்த வரிசையில் மொத்தம் மூன்று கட்டங்களே எழுத வேண்டும். நான்கு எழுதினால் ஐந்தாவது நிரல் முளைத்து வலப்பக்கம் துருத்திக்கொண்டு நிற்கும். கட்டத்தை இரண்டு வரிசைக்கு நீட்டும் 'ரோஸ்பேன்' 2 என்றால் அடுத்த வரிசையில் ஒரு கட்டம் குறைய வேண்டும். நீண்ட தமிழ்ச் சொற்கள் நிரலை அகலப்படுத்திக் கைபேசித் திரையைத் தாண்டிப் போகும். சொல்லை நடுவில் உடைப்பதைவிட, அட்டவணையை ஒரு 'டிவ்'வுக்குள் வைத்து அதற்கு 'ஓவர்ஃப்ளோ-எக்ஸ்: ஆட்டோ' கொடுப்பது நல்லது; அட்டவணை மட்டும் பக்கவாட்டில் நகரும். பக்கத்தையே பத்திகளாகப் பிரிக்க 2017 முதல் முக்கியப் பிரவுசர்கள் எல்லாவற்றிலும் சி.எஸ்.எஸ். கிரிட் என்ற கட்டமைப்பு வசதி இருக்கிறது. சிறு திரையில் பத்திகளை ஒன்றன் கீழ் ஒன்றாக அடுக்க அதில் சில வரிகள் போதும். டேபிளில் அடைத்த பக்கம் அப்படி எளிதில் வளைந்து கொடுக்காது.

நாளிதழ்களின் கணினிப் பகுதிகளுக்கும் ஒரு வேண்டுகோள். நிரல்வரிகளை (எச்.டி.எம்.எல்., சி.எஸ்.எஸ். வரிகளை) அச்சிடும்போது நேரான மேற்கோள் குறிகள் வளைந்த குறிகளாக மாறிவிடுகின்றன; இணைப்புக்குறி நீண்ட கோடாகிவிடுகிறது; குறுகிய பத்தியில் ஒரே பெயர் இரண்டு வரியாக உடைகிறது. அதைப் பார்த்து அப்படியே தட்டச்சு செய்பவருக்குப் படமும் வராது, காரணமும் புரியாது. நிரல்வரிகளைத் தனிப் பெட்டியில், சம அகல எழுத்துருவில், தானியங்கித் திருத்தத்தை நிறுத்திவைத்து அச்சிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
இணைய வடிவமைப்புப் பயிற்றுநர்