ஹேட் போடாமல் எழுது

டேய் ஓட்டைவாய்,

நாலு மாசமாப் பதில் போடாததற்குத் திட்டு, வாங்கிக்கொள்கிறேன். எல்லாரும் நலம். முழங்கால் வலி அப்படியேதான்.

விஷயம் வேறு. மகளுக்கு இங்கிலீஷ் பரீட்சை, பர்ஃபெக்ட் டென்ஸ் சொல்லித்தர உட்கார்ந்தேன். சிரிக்காதே. 'ஹேவ், ஹேஸ், ஹேட்' என்று பெஞ்சில் தாளம் போட்டதைத் தாண்டி எனக்கு ஒன்றும் தெரியாது என்பது பத்தே நிமிஷத்தில் அவளுக்குத் தெரிந்துபோச்சு.

"'ஐ ஹேவ் சீன் ஹிம் யெஸ்டர்டே' ஏன் தப்பு? தமிழில் 'நேத்தே பார்த்துட்டேன்'னு சொல்றோமே?" என்றாள். ராத்திரி தூக்கம் போச்சுடா. நம்ம 'பார்த்துட்டேன்' நேத்து, போன வருஷம் எதோடும் ஒட்டிக்கொள்ளும். இங்கிலீஷ்காரனின் ஹேவ் இன்றைக்குள் நின்றுகொண்டுதான் பின்னால் திரும்பிப் பார்க்கும். 'டுடே', 'எவர்', 'சின்ஸ்' எல்லாம் அதற்குச் சம்மதம். முடிந்துபோன நாளைச் சொன்னால் முறுக்கிக்கொள்ளும். அங்கே வெறும் 'ஐ சா ஹிம்'தான்.

ஹேட் இன்னும் மோசம். 'நேத்து வந்திருந்தார்' என்றால் நமக்கு வந்தார், போனார், அவ்வளவுதான். அதை அப்படியே 'ஹேட் கம்' ஆக்கிவிடுகிறோம். ஆனால் ஹேட்டுக்குத் துணை வேண்டும். அதற்குப் பிறகு நடந்து, அதுவும் முடிந்துபோன இன்னொன்று: 'வென் ஐ ரீச்டு த ஸ்டேஷன், த டிரெயின் ஹேட் லெஃப்ட்'. உன் மெயிலில் 'ஐ ஹேட் சென்ட் இட் லாஸ்ட் வீக்' என்று படித்துவிட்டு, அப்புறம் என்ன ஆச்சு, யார் திருடினது என்று கடைசி வரி வரை தேடினேன். ஒன்றுமே ஆகலை!

நடுவில் அவள் போன வருஷ நோட்டை எடுத்தாள். கட்டுரையில் ஒரு வரி: 'மை கிராண்ட்ஃபாதர் ஹேஸ் லிவ்டு இன் திஸ் ஹவுஸ் ஃபார் ஃபார்ட்டி இயர்ஸ்.' எழுதினபோது சரி. "இப்பவும் சரியாப்பா?" என்று கேட்டாள். ஹேஸ் போட்டால் ஆள் இன்னும் இங்கே இருக்கார் என்று அர்த்தம். நானே பேனாவை வாங்கி அந்த ஒரு வார்த்தையை மட்டும் அடித்தேன். அப்பா போன அன்றைக்குக்கூட எனக்கு அப்படி வரலைடா.

நீ அன்றைக்கு வந்து நின்றதற்கு எழுதணும் எழுதணும் என்றுதான் இத்தனை நாளும் ஓடிப்போச்சு.

ஃப்யூச்சர் பர்ஃபெக்ட் பாக்கி. 'இந்நேரம் வந்திருப்பார்' என்று நாம் ஊகமாய்ச் சொல்வதற்கும் 'வில் ஹேவ்' போடலாமாம், பார்த்தாயா? ஞாயிற்றுக்கிழமைக்குள் முடிக்கணும். உனக்கு ஏதாவது தெரிந்தால் உடனே எழுது. ஹேட் போடாமல்.

உன்,
கடைசி பெஞ்ச்