உன் பெட்டியில் ஒரு பெயர் குறைகிறது

அன்புள்ள பாப்பா,

நீ அனுப்பிய குடும்ப மரத்தைத் திறந்து பார்த்துவிட்டேன். அந்த நீல நோட்டில் நான் வருஷக்கணக்காகக் கிறுக்கியதை இவ்வளவு அழகாகக் கோர்த்திருக்கிறாய், அக்கம்பக்கத்தில் எல்லோரிடமும் காட்டிவிட்டேன். பெண்களையெல்லாம் பிறந்த வீட்டுப் பெயரில் ஏற்றியிருக்கிறாய் பார், அதுதான் முறை. புகுந்த வீட்டுப் பெயரில் ஏற்றினால் மாமியாரும் மருமகளும் ஒரே பெயரில் நிற்பார்கள், அவர்களுடைய அப்பா அம்மாவைத் தேடும் வழியும் அடைபட்டுப் போகும்.

அதற்காகக் கல்யாணத்துக்குப் பிறகு வந்த பெயரைத் தூக்கிப் போட்டுவிடாதே. உயில், பத்திரம், இறப்புப் பதிவு எல்லாம் பெரும்பாலும் அந்தப் பெயரில்தான் கிடைக்கும். மரத்தைச் சேமித்து வேறு மென்பொருளுக்கு மாற்ற உதவும் ஜெட்காம் கோப்பில் ஒரே ஆளுக்கு இரண்டு மூன்று பெயர் சேர்க்கலாம், பிறந்த பெயர், திருமணப் பெயர் என்று வகையும் போடலாம். பெரிய அத்தைக்கு மூன்றையும் போடு, அவள் கதை உனக்குத் தெரியும். பிறந்த பெயர் தெரியவில்லையென்றால் இடத்தைக் காலியாக விடு, கணவர் பெயரை வைத்து நிரப்பாதே. சின்னத் தாத்தா பிள்ளைகளை இங்கிலாந்துப் பதிவுகளில் தேடுகிறாயே, 1911 செப்டம்பர் காலாண்டிலிருந்து அங்கே பிறப்பு அட்டவணையிலேயே அம்மாவின் பிறந்த வீட்டுப் பெயரும் இருக்கும், அதை வைத்துப் பிடி.

அப்புறம், மரத்தில் உன் பெயர் இருக்கும் பெட்டியைப் பார்த்தேன். போன முறை அனுப்பியதில் இரண்டு பெயர் இருந்தது, இப்போது ஒன்றுதான். மாப்பிள்ளையின் பெட்டிக்கும் உன் பெட்டிக்கும் நடுவில் கோடு இல்லை. மென்பொருளில் ஏதாவது விட்டுப்போயிருக்கலாம். உன் அம்மாவிடம் சொல்லவில்லை. மூன்று மாதமாக நீ போனில் அவசர அவசரமாகப் பேசி வைக்கிறாய், சரி, வேலை இருக்கும். எதையும் அழிக்காதே என்றுதான் சொல்கிறேன். முடிந்துபோனதாக இருந்தாலும் எந்த வருஷத்திலிருந்து எந்த வருஷம் வரை என்று போட்டால் போதும், அதில் அவமானம் ஒன்றுமில்லை.

நீல நோட்டில் என் அப்பத்தாவுக்கு நேரே "இன்னார் மனைவி" என்று மட்டும் இருக்கும், உன் மரத்திலும் அவள் பெட்டி பாதி காலி. அது உன் குறையில்லை. அவள் பக்கத்தில் உட்கார்ந்து, தாத்தா வழி ஆண்கள் அத்தனை பேரையும் அவள் வாயாலேயே சொல்லச் சொல்லி எழுதினேன், நீ எந்த வீட்டுப் பெண் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அடுத்த வருஷம் போய்விட்டாள். அப்போதும் எனக்குப் புத்தி வரவில்லை. உன் கல்யாணத்துக்கு அப்புறம் அந்த விண்ணப்பத்தை வைத்துக்கொண்டு, என் பெயர் இப்படியே இருக்கட்டும் அப்பா என்று நீ எத்தனை முறை சொன்னாய். எதற்கு வீம்பு, கையெழுத்தைப் போடு என்று பேனாவை உன் கையில் திணித்தவன் நான்தான். நீ என்னைப் பார்க்காமலே கையெழுத்துப் போட்டாய். அது எனக்கு மறக்கவில்லை.

மரத்தை இப்போது திருத்த வேண்டாம், அப்படியே இருக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை அம்மா வெளியே போயிருப்பாள், நான் மட்டும்தான் இருப்பேன். கூப்பிடு.

அப்பா