நாங்கள் ஆடி வளர்ந்த போக்கிமான் அழிந்துபோக விடலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீடியோ கேம் பற்றிப் பத்திரிகைகளில் எது வந்தாலும் பெரும்பாலும் பிள்ளைகள் அதற்கு அடிமையாகிறார்கள் என்ற செய்தியாகத்தான் இருக்கிறது. அந்தக் கவலை தேவையில்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் இந்த விளையாட்டுகளோடே வளர்ந்து, இன்று பிள்ளை குட்டி என்று ஆகிவிட்ட ஒரு தலைமுறை இருக்கிறது. எங்கள் கவலை வேறு, அதை யாரும் எழுதுவதில்லை. நாங்கள் ஆடிய ஆட்டங்கள் ஒவ்வொன்றாகக் கிடைக்காமல் போய்க்கொண்டிருக்கின்றன.

எனக்கு அது போக்கிமான், அதே பெயர் கொண்ட விநோதப் பிராணிகளைப் பிடித்து, வளர்த்து, மோதவிடும் ஆட்டம். 1996இல் ஜப்பானில் சிவப்பு, பச்சை என்று இரண்டு பதிப்புகளாக வந்தது. அதை உருவாக்கிய சடோஷி தஜிரி சின்ன வயதில் பூச்சி பிடித்துச் சேர்த்தவர். கேம்பாய் என்ற கையடக்க ஆட்டக் கருவிகள் இரண்டை இணைக்கும் கேபிளைப் பார்த்தபோது, ஒரு பூச்சி அதன் வழியாக அங்கும் இங்கும் போய்வருவதாக அவருக்குத் தோன்றியிருக்கிறது. ஆட்டத்தின் உயிரே அந்த கேபிளில்தான் இருந்தது. சில போக்கிமான்கள் ஒரு பதிப்பில் மட்டும் கிடைக்கும், சில மற்றதில் மட்டும், ஆகவே தனியாக உட்கார்ந்து எல்லாவற்றையும் சேர்க்கவே முடியாது. ஹான்டர் என்ற பேய் எத்தனை லெவல் ஏறினாலும் ஹான்டராகவே இருக்கும், இன்னொருவருக்குக் கைமாற்றினால்தான் ஜெங்கராக மாறும். என் ஹான்டரை அண்ணனுக்கு அனுப்பி, அது அவன் திரையில் ஜெங்கராக மாறியதும், திருப்பித் தருவானா மாட்டானா என்று அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன். தந்துவிடுவான். சண்டை போட்டுப் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்த நாட்களிலும் இதற்காகவாவது பேசித்தான் ஆக வேண்டும். வீடியோ கேம் பிள்ளைகளைத் தனிமையில் தள்ளுகிறது என்று படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த கேபிள்தான் நினைவுக்கு வருகிறது.

அப்புறம் 1999இல் வந்த தங்கம், வெள்ளி பதிப்புகள். புதிய நிலத்தில் ஊர் ஊராகப் போட்டியிட்டு எட்டுப் பதக்கங்களையும் வென்று, லீக் என்ற இறுதிப் போட்டியையும் ஜெயித்து, எல்லாம் முடிந்தது என்று நினைக்கும் நேரத்தில் முதல் ஆட்டத்தின் நிலம் முழுவதும் திறந்துகொள்ளும். அங்கேயும் எட்டுப் பதக்கங்கள். அதையும் முடித்துவிட்டு சில்வர் மலைக்குள் ஏறிப் போனால் ஒருவன் நிற்பான். முதல் ஆட்டத்தில் நாம் யாராக இருந்து ஆடினோமோ அதே ரெட்! ஒரு வார்த்தை பேச மாட்டான், திரையில் பேச்சுக்குப் பதில் ‘…’ என்று வெறும் புள்ளிகள்தான் வரும், சட்டென்று போர் தொடங்கிவிடும், அவனுடைய பிகாச்சு 81ஆம் லெவலில் இருக்கும். சிறுவனாக நாம் ஆடி முடித்த ஆட்டமே எதிராளியாக வந்து நிற்பது ஒரு தொடர் ஆட்டத்தில் மட்டும்தான் நடக்கும், அதுவும் அதோடு சேர்ந்து வளர்ந்தவருக்குத்தான் முழுதாக உறைக்கும். இவ்வளவு துணிச்சலான முடிவை அந்தத் தொடரில் அதற்குப் பிறகு நான் பார்க்கவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஆட்டம் அடங்கிய அந்தக் காலத்து கார்ட்ரிட்ஜ்களில் நாம் சேமித்ததெல்லாம் உள்ளே இருக்கும் ஒரு சின்ன பட்டன் பேட்டரியை நம்பித்தான் உயிரோடு இருந்தது. தங்கம், வெள்ளி பதிப்புகளில் இரவு பகல் மாறுவதற்கான கடிகாரமும் அதே பேட்டரியில் ஓடியதால் அவை இன்னும் சீக்கிரம் தீர்ந்தன. தீர்ந்தால் எல்லாம் போச்சு. என் ஜெங்கர் அப்படித்தான் போனது. அடுத்து வந்த ரூபி, சஃபையரில் சேமிப்பு பேட்டரி தேவைப்படாத வேறு சிப்பில் இருப்பதால், உள்பேட்டரி தீர்ந்துவிட்டது, ஆனாலும் ஆடலாம் என்று ஒரு அறிவிப்போடு ஆட்டம் தொடரும். அந்தப் பதிப்புகளில் பிடித்தவற்றைப் படிப்படியாக அடுத்தடுத்த கருவிகளுக்கு ஏற்றி இன்றைய போக்கிமான் ஹோம் என்ற சேமிப்புச் சேவை வரை கொண்டுவரவும் வழி வைத்தார்கள். அதை மனதாரப் பாராட்டுகிறேன். ஆனால் 2019இல் வந்த ஸ்வார்ட், ஷீல்டில் எல்லாப் போக்கிமான்களையும் கொண்டுவர முடியாது என்று செய்துவிட்டார்கள், அதை என்னால் இன்னமும் ஏற்க முடியவில்லை.

பழைய போக்கிமான் ஆட்டங்களை, கேம்பாயைத் தயாரித்த நிண்டெண்டோ நிறுவனம் 2016 முதல் தன் 3டிஎஸ் என்ற கையடக்கக் கருவியின் இணையக் கடையில் விற்றது. 2023 மார்ச் 27 அன்று அந்தக் கடையில் விற்பனை நிறுத்தப்பட்டது, அதோடு அந்த வழியும் அடைபட்டது. இது ஒரு நிறுவனத்தின் கதை மட்டுமல்ல. அமெரிக்காவில் 2010க்கு முன் வெளியான விளையாட்டுகளில் 87 விழுக்காடு இப்போது விற்பனையிலேயே இல்லை என்று, பழைய ஆட்டங்களைப் பாதுகாக்கும் வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023இல் ஓர் ஆய்வை வெளியிட்டது. விற்பனையில் இல்லாதவற்றை ஆராய்ச்சியாளர்களுக்குத் தொலைவிலிருந்தே ஆடிப் பார்க்கக் கொடுக்க நூலகங்களை அனுமதிக்கும்படி, பாதுகாக்க விரும்பியவர்கள் கேட்டார்கள், 2024 அக்டோபரில் அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் மறுத்துவிட்டது. பொழுதுபோக்குக்காக ஆடிவிடுவார்கள் என்பது எதிர்த்தவர்கள் சொன்ன காரணங்களில் ஒன்று. நூலகத்துக்குப் போகிறவர் நாவலைப் பொழுதுபோக்குக்காகப் படிப்பதில்லையா? அது குற்றமா? பழைய படத்தின் பிரதி அழிந்தால் வருந்துகிறோம், பழைய புத்தகத்தைத் தேடி மறுபதிப்புப் போடுகிறோம், ஆனால் ஒரு தலைமுறையின் குழந்தைப் பருவத்தையே நிறைத்த படைப்புக்கு அந்த மரியாதை கிடையாது என்றால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

படைப்பு என்ற சொல்லைத் தெரிந்துதான் எழுதுகிறேன். முதல் ஆட்டத்தை முடிக்கும் தறுவாயில், பிழை திருத்தும் கருவிகளை எடுத்தபோது மிஞ்சிய சுமார் 300 பைட் இடத்துக்குள் ஷிகெகி மொரிமொட்டோ என்ற நிரலாளர் மியூ என்ற 151ஆவது போக்கிமானை நுழைத்தார். அவ்வளவு சின்ன இடத்தில் வைத்ததை உலகம் முழுக்கப் பிள்ளைகள் தேடினார்கள். இப்படிப்பட்டவர்களைப் பற்றி நம் பத்திரிகைகளில் ஒரு பத்தி வந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

வீட்டில் பழைய கார்ட்ரிட்ஜ் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பேட்டரியைக் கழற்றினால் சேமிப்பும் போய்விடும், ஆகவே முதலில் கார்ட்ரிட்ஜைக் கணினியில் படிக்கும் கருவி மூலம் சேமிப்பை நகல் எடுத்துவிட்டு, அதற்கப்புறம் பேட்டரியை மாற்றச் சொல்லுங்கள். ஆசிரியருக்கு என் வேண்டுகோள் இதுதான்: சினிமாவுக்கும் புத்தகத்துக்கும் ஒதுக்குவதுபோல் வீடியோ கேமுக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள், அதை ஆடி வளர்ந்தவர்களையே எழுத வையுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாசகர்